மெர்சல் ஆனா ஜகா வாங்கணுமா? ஆக்ட் தெரபி பத்தி நம்ம ஏரியா பாஷையில

காலடிப்பேட்டையில மெட்ரோ ஏறுனா மொத ரெண்டு ஸ்டேஷன் மேலயே தான் போகும். டோல்கேட்டு, புதுவண்ணாரப்பேட்டை, ஜன்னல் வழியா மொட்டமாடி, காயுற துணி, தண்ணி டேங்க்னு எல்லாம் தெரியும். புதுவண்ணாரப்பேட்டை தாண்டுனதும் வண்டி மூக்க சாய்ச்சு பூமிக்குள்ள எறங்கிடும், அதுக்கப்புறம் தண்டையார்பேட்டை, தியாகராயா காலேஜ், வண்ணாரப்பேட்டை, மண்ணடின்னு எல்லாமே அண்டர்கிரவுண்டு. எனக்கு மண்ணடியில ஆபீஸ், அக்கவுண்ட்ஸ் வேல. 2021 பிப்ரவரியில இந்த லைன் தொறந்ததுல இருந்து அதுல தான் போயிட்டு வந்துட்டிருந்தேன், ஒரு திங்கக்கெழம காலையில அந்த எறக்கம் வர்ற வரைக்கும்.

அன்னிக்கு நல்ல கூட்டம். வண்டி கீழ எறங்குறப்ப காது லேசா அடைக்கும் பாருங்க, அங்க ஆரம்பிச்சுச்சு. நெஞ்சு திடுதிடுன்னு அடிக்குது, மூச்சு பத்தல, விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, கண்ணு இருட்டிக்கினு வருது, சரி நம்ம கத முடிஞ்சுதுன்னே நெனச்சேன். தண்டையார்பேட்டையில தட்டுத்தடுமாறி எறங்கி பிளாட்பாரத்துல உக்காந்தேன், ஒரு கால் மணி நேரத்துல எல்லாம் அடங்கிருச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஆஸ்பத்திரியில ஈசிஜி நார்மல், ரத்தம் நார்மல், தைராய்டு நார்மல். பக்கத்து வீட்டு அக்கா கேஸுன்னு சொல்லி ஓமவாட்டர் குடுத்தாங்க, அம்மா "கொழந்த எதையோ பாத்து பயந்திருக்கு"ன்னு வேப்பில அடிக்க கூட்டிட்டு போனாங்க, எனக்கு வயசு 33.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன், டெஸ்ட் எடுத்தது வீண் இல்ல. நெஞ்சு வலி, படபடப்புன்னு வந்தா மொத டாக்டர் தான், அங்க ஒண்ணும் இல்லன்னு ஆன பெறகு தான் ஆக்ட்ங்கிற மனநல சிகிச்ச பத்துன இந்த கட்டுர.

எனக்கு வந்ததுக்கு பேரு பேனிக் அட்டாக். ஒடம்புக்குள்ள ஆபத்து மணி ஒண்ணு இருக்கு, புலி வந்தா ஓடுறதுக்கோ சண்ட போடுறதுக்கோ அட்ரினலின எறக்கி விட்டு நெஞ்ச வேகமா அடிக்க வைக்கும், மூச்ச வேகமாக்கும். புலி இல்லாமயே அந்த மணி அடிச்சா அது தான் பேனிக். மூச்ச வேக வேகமா இழுத்து விடுறப்ப ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு போகும், அதனால தான் விரல் மரத்து போறதும் தல சுத்துறதும். பயங்கரமா இருக்கும், ஆனா சில நிமிஷத்துல உச்சிக்கு போயிட்டு தானா எறங்கிடும். இத அப்பவே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், ஆனா சொல்லியிருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுன்னும் இப்ப தோணுது, ஏன்னா தெரிஞ்சுக்குறது வேற, அந்த எறக்கத்துல நிக்குறது வேற.

அடுத்த நாள் நான் பண்ணது தான் உண்மையான பிரச்சன. மெட்ரோ வேணாம்னு பஸ்ஸுல போனேன். அப்பாடான்னு இருந்துச்சு. நம்ம பக்கம் இதுக்கு சரியான வார்த்தை இருக்கு, ஜகா வாங்குறது. மெர்சல் ஆனா ஜகா வாங்கிடுறது. சைக்காலஜியில இத அவாய்டன்ஸ்னு சொல்லுவாங்க, எனக்கு ஜகா தான் பிடிச்சிருக்கு, ஏன்னா அதுல நைசா நழுவுற அந்த சாமர்த்தியமும் சேந்தே இருக்கு. ரெண்டு மாசத்துல பஸ்ஸும் கூட்டமா இருந்தா ஏற மாட்டேன், அப்புறம் லிஃப்ட்டு கெடையாது, அப்புறம் கல்யாண மண்டபத்துல கதவு ஓரம் தான் உக்காருவேன், அப்புறம் கல்யாணமே கெடையாது. ஆலந்தூர்ல இருக்குற என் தங்கச்சி பொண்ணோட மொத பர்த்டேக்கு எனக்கு காய்ச்சல்னு பொய் சொன்னேன். பெரியம்மா இல்லாம கேக் வெட்டுனாங்க.

ஜகா வாங்குறது ஏன் இவ்ளோ சீக்கிரம் ஒட்டிக்குது? தண்டல் வாங்குனவங்களுக்கு இது ஒடனே புரியும். 10,000 ரூபா தண்டல்னா பிடிச்சது போக கைக்கு 8,500 வரும், அப்புறம் தெனம் 100 ரூபான்னு 100 நாள் கட்டணும். ஆனா அந்த 8,500 கையில விழுற நிமிஷம் இருக்கே, அப்ப தண்டல்காரர் கடவுள் மாதிரி தெரிவாரு. பயம் வந்ததும் நழுவுனா கெடைக்குற அந்த "அப்பாடா" தான் 8,500. நிஜமான நிம்மதி, அதுல பொய்யே இல்ல. அந்த நிம்மதிய மூள குறிச்சு வச்சுக்குது: மெட்ரோவுல போகல, சாகல, ஆக போகாதது தான் காப்பாத்துச்சு. போயிருந்தாலும் செத்திருக்க மாட்டோம்ங்கிறத கண்டுபுடிக்க அதுக்கு சான்ஸே கெடைக்கல. இத நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட்னு சொல்றாங்க, ஒரு கஷ்டம் வெலகுறதாலயே ஒரு பழக்கம் பலப்படுறது. தெனசரி 100 ரூபாவ எங்க கட்டுறோம்னா போகாத கல்யாணத்துல, ஏறாத லிஃப்ட்டுல, வெட்டாத கேக்குல. தண்டலாவது 100 நாள்ல முடியும்.

சரி, வெளிய ஜகா வாங்காம உள்ளயே பயத்த அமுக்கிடலாம்னா அதுவும் வேலைக்கு ஆகாது. மருந்து குடிக்கிறப்ப குரங்க நெனைக்காதேன்னு ஒரு கத நம்ம எல்லாருக்கும் தெரியும், சொன்ன நிமிஷத்துல இருந்து மருந்து டம்ளருக்குள்ள குரங்கு தான் உக்காந்திருக்கும். 1987ல அமெரிக்காவுல டேனியல் வெக்னர்னு ஒருத்தர் இதையே வெள்ளக் கரடிய வச்சு ஆராய்ச்சியா பண்ணாரு, கரடிய நெனைக்காதீங்க, நெனச்சா மணி அடிங்கன்னு ஆளுங்கள உக்கார வச்சாரு. மணி அடிச்சுக்கிட்டே தான் இருந்தாங்க, அது மட்டும் இல்ல, இப்ப நெனைக்கலாம்னு விட்ட பெறகு, மொதல்ல இருந்தே நெனைக்க விட்டவங்கள விட இவங்களுக்கு கரடி அதிகமா வந்துச்சு. நம்ம பாட்டிங்க ஃப்ரீயா சொன்ன விஷயம்.

இங்க தான் ஆக்ட் வருது. முழுப் பேரு அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மெண்ட் தெரபி, சுருக்கி ஏ சி டின்னு எழுத்து எழுத்தா சொல்ல மாட்டாங்க, ஆக்ட்னு ஒரே வார்த்தையா தான் சொல்லுவாங்க. ஸ்டீவன் ஹேய்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1980கள்ல ஆரம்பிச்சது. அவருக்கே 1978ல ஒரு டிபார்ட்மெண்ட் மீட்டிங்ல, புரொபசருங்க எல்லாம் சண்ட போட்டுக்கிட்டு இருந்தப்ப, பேச வாய தொறந்தா வார்த்தை வராம மொத பேனிக் அட்டாக் வந்திருக்கு, அப்புறம் பல வருஷம் அதோட அல்லாடியிருக்காரு. அந்த விஷயத்த படிச்சப்ப எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், பேனிக் ஒரு சைக்காலஜிஸ்டுக்கே வந்திருக்குன்னு.

ஆக்ட் சொல்றத ஒரு வரியில சொல்லணும்னா, பயத்த வெரட்டிட்டு அப்புறம் வாழலாம்னு காத்திருக்காத, பயத்தையும் கூட்டிக்கினு நீ போக வேண்டிய எடத்துக்கு போ. கேக்க சிம்பிளா இருக்குல்ல? எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

மொத முட்டுக்கட்ட அந்த வார்த்தையே. அக்செப்டன்ஸ்னா ஏத்துக்குறது. நம்ம ஊருல ஒரு பொம்பளைகிட்ட "ஏத்துக்கோ"ன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், புருஷன் அடிச்சா ஏத்துக்கோ, மாமியார் பேசுனா ஏத்துக்கோ, விதின்னு ஏத்துக்கோ. கவுன்சிலிங்ல மேடம் அந்த வார்த்தைய சொன்னதும் எனக்கு கோவம் வந்துச்சு, இதுக்கா காசு குடுத்து வந்தேன்னு. அவங்க சொன்னாங்க, "வெளிய நடக்குற அநியாயத்த ஏத்துக்க சொல்லலம்மா. உங்க ஒடம்புக்குள்ள வர்ற படபடப்பு, மனசுக்குள்ள வர்ற நெனப்பு, இதுங்களோட மட்டும் மல்லுக்கட்ட வேணாம்னு சொல்றேன்."

வெளிய நெசமான ஆபத்துன்னா ஓடத்தான் வேணும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்குள்ள போற பைப்புல இருந்து அமோனியா கசிஞ்சப்ப பெரியகுப்பம் பக்கத்து ஜனங்க கொழந்த குட்டிய தூக்கிக்கினு தூக்கத்துல எழுந்து ஓடுனாங்க, பல பேர ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதா போச்சு. அதுக்கு பேரு ஜகா இல்ல, அறிவு. அங்க நின்னுக்கினு மூச்ச கவனிக்கிறேன்னு சொல்றவன் தான் பைத்தியம். எங்க ஓடணும், எங்க நிக்கணும்ங்கிறத பிரிச்சு பாக்குறதுக்கு நான் எனக்கு வச்சிருக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஓடுனதுக்கு அப்புறம் என் வாழ்க்க பெருசாச்சா சின்னதாச்சா?

அப்ப ஏத்துக்குறதுன்னா உள்ளுக்குள்ள என்ன தான் பண்றது? ஷேர் ஆட்டோவ நெனச்சுக்கங்க. ஏற்கெனவே நெருக்கி உக்காந்திருப்போம், டோல்கேட்டுல நிறுத்தி "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காரும்மா"ன்னு மீன் கூடையோட ஒரு அக்காவ ஏத்துவாரு. பிடிக்குதா? பிடிக்கல. கூப்டமா? கூப்டல. ஆனா எறக்கி விடுறேன்னு சண்ட போட்டா ஆட்டோ அங்கயே தான் நிக்கும். லேசா நவுந்து எடம் விட்டா வண்டி கெளம்பும், மீன் வாடையோட தான் கெளம்பும், ஆனா கெளம்பும். பயம் தான் அந்த மீன் கூட. பயிற்சியா பண்றப்ப, படபடப்பு வந்ததும் அது ஒடம்புல எங்க இருக்குன்னு தேடணும், எனக்கு தொண்டைக்கு கீழ, ஒரு எலுமிச்சம்பழ சைசுல, சூடா. அத சுத்தி மூச்சு போக எடம் விடுற மாதிரி தோள எறக்கி, வயித்த இறுக்காம, இருந்துட்டு போன்னு விடணும். அமுக்க கூடாது, ஊதி பெருசாக்கவும் கூடாது.

ரெண்டாவது விஷயம் நெனப்புங்களோட. பயம் வர்றப்ப மனசு உதார் விட ஆரம்பிக்கும், "விழுந்துருவ, எல்லாரும் சிரிப்பாங்க, மூச்சு நின்னுரும்"னு. உதார் விடுறவன்கிட்ட போயி வாதாடுனா விடிய விடிய வாதாடலாம், அவன் உதாரே வாதாடத்தான். ஆக்ட்ல வாதம் பண்ண மாட்டாங்க, அந்த நெனப்ப நெனப்பா மட்டும் பாக்க வைப்பாங்க, இதுக்கு டிஃப்யூஷன்னு பேரு, ஒட்டிக்கிட்டத பிரிக்குறது. இங்கிலீஷ்ல இதுக்கு நீளமா ஒரு வாக்கியம் சொல்லிப் பழகணும். தமிழ்ல பாத்தீங்கன்னா ஒரு சின்ன ஒட்டு போதும், அது ஏற்கெனவே நம்ம வாயில இருக்கு.

"நான் மயங்கி விழுந்துருவேன்." இத சொல்லிப் பாருங்க. இப்ப "நான் மயங்கி விழுந்துருவேன்னு ஒரு நெனப்பு வருது." அந்த ஒரு "னு" போட்டதும் வார்த்தை ஒரு அடி தள்ளி போயிடுச்சா? இன்னும் ஒரு படி மேல போகலாம்: "நான் மயங்கி விழுந்துருவேனாம்." அவ்ளோ தான். பக்கத்து தெரு பொம்பள ஏதாவது புரளி கெளப்புனா நாம எப்படி சொல்லுவோம், "அவ ஓடிப் போயிட்டாளாம்"னு, அந்த "ஆம்"ல என்ன ஒரு அலட்சியம், நான் சொல்லல, யாரோ சொன்னாங்க, நெசமான்னு எனக்கு தெரியாது. அதையே உங்க மனசு கெளப்புற புரளிக்கும் போடுங்க. நான் எதுக்கும் லாயக்கு இல்லையாம். ட்ரெயின் நின்னா செத்துருவேனாம். இத கத்துக்கிட்ட அன்னிக்கு நான் ராத்திரி படுத்துக்கிட்டு என் எல்லா பயத்துக்கும் "ஆம்" போட்டுப் போட்டு சொன்னேன், பக்கத்துல படுத்திருந்த என் வீட்டுக்காரர் யார் கூட போன்ல பேசுறேன்னு பயந்துட்டாரு.

இன்னொரு வழி, பயமுறுத்துற வார்த்தைய அரை நிமிஷம் வேகமா திரும்பத் திரும்ப சொல்றது. பால் பால் பால் பால்னு சொல்லிக்கிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல பாலும் இருக்காது டம்ளரும் இருக்காது, வெறும் சத்தம் தான் மிஞ்சும். "மயக்கம்"ங்கிற வார்த்தைக்கும் அதே கதி தான். ஹேய்ஸ் இத பழைய சைக்காலஜிஸ்ட் டிட்ச்னர் எழுதுனதுல இருந்து எடுத்தாரு. எனக்கு இது பெருசா உதவல, சிரிப்பு தான் வந்துச்சு, சில பேருக்கு நல்லா வேல செய்யும்.

மூணாவதா ஒண்ணு, கொஞ்சம் தத்துவம் மாதிரி இருக்கும், சீக்கிரம் சொல்லிடுறேன். ஆக்ட்ல இத செஸ் போர்டு வச்சு சொல்லுவாங்க, நமக்கு கேரம் போர்டு தான் சரி, 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குன காசிமா புதுவண்ணாரப்பேட்டை பொண்ணு தானே. கறுப்பு காயின் எல்லாம் பயம்னு வச்சுக்கங்க, வெள்ள காயின் எல்லாம் தைரியம். நாம நெனக்கிறது நாம வெள்ள டீமு, கறுப்ப எல்லாம் பாக்கெட்டுல போட்டா ஜெயிச்சோம்னு. ஆக்ட் சொல்றது, நீ டீமே இல்ல, நீ போர்டு. காயின் மோதட்டும், செதறட்டும், போர்டுக்கு என்ன ஆச்சு? இது புரியலன்னா விட்டுடுங்க, எனக்கும் நல்ல நாள்ல தான் புரியும்.

இவ்ளோ பேசுனோமே, எதுக்காக பயத்துக்கு எடம் விடணும்? சும்மா கஷ்டப்படுறதுக்கா? இந்த கேள்விக்கு பதில் இல்லன்னா மேல சொன்ன எல்லாம் வெறும் வித்த தான். மேடம் ஒரு நாள் கேட்டாங்க, "நாளைக்கு காலையில பயமே இல்லன்னு வச்சுக்கங்க, என்ன பண்ணுவீங்க?" நான் யோசிக்கவே இல்ல, ஆலந்தூர் போவேன்னு சொன்னேன். "அங்க போயி?" கொழந்தைய தூக்குவேன். "தூக்கி?" அழுதுட்டேன். ஆக்ட்ல இத வேல்யூஸ்னு சொல்றாங்க, நீ எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு ஆசப்படுறங்கிறது. இதுக்கும் கோலுக்கும், அதாவது இலக்குக்கும், வித்தியாசம் இருக்கு. ஆலந்தூர் போறது கோலு, போயிட்டா முடிஞ்சுது. நல்ல பெரியம்மாவா இருக்குறது முடியவே முடியாது, இன்னிக்கு வீடியோ கால்லயும் இருக்கலாம், அந்த கொழந்தைக்கு 20 வயசு ஆகி லவ் பண்ணி மாட்டிக்கினு அழுறப்பவும் இருக்கலாம். பயம் இல்லாம இருக்கணும்ங்கிறது வேல்யூவா வராது, அத மேடம் ஒரே போடா போட்டாங்க: "பயம் இல்லாம இருக்குறது பொணத்துக்கு உங்கள விட நல்லா வரும்."

அப்புறம் தான் கமிட்மெண்ட், அதாவது எறங்கி செய்யுறது. நேரா ஆலந்தூர் இல்ல. மொத வாரம் காலடிப்பேட்டையில ஏறி புதுவண்ணாரப்பேட்டையில எறங்கி திரும்ப வர்றது, அது பூரா மேல் லைன் தான். அடுத்து ஒரே ஒரு ஸ்டேஷன் கீழ, தண்டையார்பேட்டை வரைக்கும், வெளிய வந்து ஒரு டீ, திரும்ப வர்றது. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. பயம் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஏறும் எறங்கும், அது நம்ம கையில இல்ல. சம்மதம் சுவிட்சு மாதிரி, ஆன் இல்லன்னா ஆஃப். எவ்ளோ தூரம் போறதுன்னு நான் முடிவு பண்ணலாம், ஒரு ஸ்டேஷனா, பத்து ஸ்டேஷனா, ஆனா ஏறுனா முழுசா ஏறணும். "போறேன், ஆனா பயம் மூணத் தாண்டுனா எறங்கிடுவேன்"னு ஏறுனா சுவிட்சு ஆன்ல இல்லன்னு அர்த்தம். தூரத்த கொறைக்கலாம், சம்மதத்த கொறைக்க முடியாது.

இப்ப நான் மாட்டுன எடத்த சொல்றேன், ஏன்னா ஆரம்பத்துல பாதி பேரு இதுல தான் வழுக்குவாங்க. தண்டையார்பேட்டை நாலு தடவ போயிட்டு வந்த பெறகும் படபடப்பு கொறையல. மேடம்கிட்ட போயி சண்டைக்கு நின்னேன், "நான் தான் ஏத்துக்கிட்டேனே மேடம், எடம் விட்டேன், ஆம் போட்டேன், தோள எறக்குனேன், எல்லாம் பண்ணேன், ஏன் இன்னும் போகல?" அவங்க சிரிச்சுட்டாங்க. "அது ஏத்துக்குறது இல்லம்மா, பேரம்."

சரியா சொன்னாங்க. நான் காசிமேட்டுல வஞ்சிரத்துக்கு பேரம் பேசுற மாதிரி பயத்துகிட்ட பேசிட்டு இருந்திருக்கேன், நான் உனக்கு எடம் விடுறேன், நீ ரெண்டு ஸ்டேஷன்ல எறங்கிடணும் சரியா. உள்ளுக்குள்ள ஒரு கண்ணு கடிகாரத்துலயே இருந்துச்சு, கொறஞ்சுதா கொறஞ்சுதான்னு. அப்படி பாத்துக்கிட்டே இருக்குறதும் ஜகா தான், கொஞ்சம் படிச்ச ஜகா. தியானம், மூச்சுப் பயிற்சி, இந்த ஆம் போடுறது, எதையும் பயத்த தொரத்துற தொடப்பமா பிடிச்சா பழைய கரடி திரும்ப வந்து உக்காந்துக்கும். அதுக்கப்புறம் மேடம் எனக்கு நோட்டுல எழுத சொன்ன கணக்கே மாறுச்சு. பயம் எவ்ளோ இருந்துச்சுன்னு எழுத வேணாம், போக வேண்டிய எடத்துக்கு போனேனா இல்லையா, அது மட்டும் எழுதுங்கன்னாங்க. நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, ரெண்டு கட்டம் இருந்த நோட்டு ஒரே கட்டமா ஆனதுல எனக்கு மொதல்ல கையே ஓடல.

வேடிக்க என்னன்னா, கொறையணும்னு பாக்குறத விட்ட பெறகு பயம் கொஞ்சம் கொறஞ்சுச்சு. இத நான் சத்தமா சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க அதுக்காகவே பண்ண ஆரம்பிச்சுடுவீங்க.

சின்னச் சின்ன ஜகாவும் இருக்கு, கண்ணுக்கே தெரியாது. கையில எப்பவும் தண்ணி பாட்டிலு, கதவு பக்கத்துலயே நிக்குறது, வீட்டுக்காரர் நம்பர டயல் பண்ணி ரெடியா வச்சுக்குறது, ஸ்மார்ட் வாட்சுல நிமிஷத்துக்கு ஒரு தடவ ஹார்ட் ரேட் பாக்குறது, ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள்ல "நெஞ்சு படபடப்பு"ன்னு தேடுறது. வண்டியில ஏறுனது நாம தான், ஆனா காப்பாத்துனது பாட்டிலுன்னு மூள எழுதிக்கும். இதுங்கள ஒவ்வொண்ணா வீட்டுல விட்டுட்டு போகணும், எனக்கு வாட்ச கழட்டுறது தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திர மட்டும் இந்த லிஸ்ட்ல வராது, அத நீங்களா நிறுத்த கூடாது, டாக்டர்கிட்ட பேசிட்டு தான். மாத்திரையும் ஆக்டும் சேந்தே போகலாம், நிறைய பேருக்கு அப்படித்தான் போகுது.

இது வேல செய்யுமான்னு கேட்டா, மத்த தெரபியெல்லாம் வேஸ்ட்டு ஆக்ட் தான் பெஸ்ட்டுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. 2012ல வெவ்வேற ஆங்ஸைட்டி பிரச்சன இருந்த 128 பேர ரெண்டு பிரிவா பிரிச்சு 12 செஷன் ஆக்ட், இல்லன்னா 12 செஷன் சிபிடின்னு குடுத்துப் பாத்தாங்க, சிபிடிங்கிறது காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, இதுக்கு முன்னாடியே இருக்குற பேர் போன தெரபி. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட படம் போட்ட சுய உதவி கையேடு ஆக்ட அடிப்படையா வச்சது தான், ஃப்ரீயா டவுன்லோடு பண்ணலாம். அதோட சேந்த குரூப் பயிற்சிய உகாண்டாவுல இருந்த தெற்கு சூடான் அகதிப் பொம்பளைங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணி பாத்திருக்காங்க. அவங்க பட்ட பாட்டுக்கு முன்னாடி என் மெட்ரோ எறக்கம் எம்மாத்திரம்னு எனக்கு தோணும், ஒடனே மனசு உதார் விடும், "பாத்தியா, இதுக்கு போயி அழுற, நீயெல்லாம் வேஸ்ட்டு"ன்னு. வேஸ்ட்டாம்.

எங்க போறதுன்னு கேக்குறவங்களுக்கு: மனநல உதவிக்கு போன் பண்ற டெலி மனஸ் நம்பர் 14416, 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, ஃப்ரீ, 24 மணி நேரமும், தமிழ்ல பேசலாம். நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மனநல ஓபி இருக்கு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமன 1794ல இருந்து இருக்கு, அந்தப் பேர கெட்ட வார்த்தை ஆக்குனது நம்ம தப்பு, ஆஸ்பத்திரி தப்பு இல்ல. நீங்க பாக்குற சைக்காலஜிஸ்டுகிட்ட ஆக்ட் தெரியுமான்னு தாராளமா கேக்கலாம், கோச்சுக்க மாட்டாங்க. சாகணும்னு நெனப்பு வந்துச்சுன்னா மட்டும் அதுக்கு "ஆம்" போட்டு வேடிக்க பாக்காதீங்க, அந்த நிமிஷமே யாருக்காவது போன் பண்ணுங்க, அது வேற கேஸு.

ஆலந்தூருக்கு நான் போனது ஒரு ஞாயித்துக்கெழம. தண்டையார்பேட்டையில இருந்து சைதாப்பேட்டை வரைக்கும் 13 ஸ்டேஷன் அண்டர்கிரவுண்டு, எண்ணி வச்சிருந்தேன். ஐகோர்ட் ஸ்டேஷன் கிட்ட எலுமிச்சம்பழம் வந்துச்சு, ஆயிரம் விளக்குல அது சாத்துக்குடி ஆச்சு, பக்கத்துல ஒரு தாத்தா எந்தக் கவலையும் இல்லாம வேர்க்கடல சாப்பிட்டுட்டு வந்தாரு, வண்டியில சாப்பிட கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே நந்தனம் தாண்டிட்டேன். சின்னமலையில வண்டி வெளிய வந்து வெயில் அடிச்சுச்சு. தங்கச்சி ஸ்டேஷனுக்கே வந்திருந்தா, கொழந்த என்னைய பாத்ததும் யாரோன்னு நெனச்சு வீல்னு அழுதுச்சு. தூக்க விடவே இல்ல, சாயங்காலம் வரைக்கும். கெளம்புறப்ப தான் பிஸ்கட்டுக்கு மயங்கி ரெண்டு நிமிஷம் மடியில உக்காந்துச்சு.

அடுத்த ஞாயிறும் போகணும், வர்றப்ப அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், வாங்கிட்டு வான்னு தங்கச்சி சொல்லியிருக்கா. அதுக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் எறங்கி, வாங்கிட்டு திரும்ப ஏறணும். ரெண்டு தடவ எறக்கம்.